ருசிக்காகச் சொன்ன வார்த்தை

ஆராதனை முடிந்து ஜனங்கள் கார்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நெப்ராஸ்காவின் பிப்ரவரிக் காற்று காதை அறுத்தது. லொவெல் தன் வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வெர்ணாவின் கணவன் ஆர்லன் வந்து பக்கத்தில் நின்றான்.

"வெர்ணா வரல, கவனிச்சியா?"

"ஏன், சளியா?"

"தலை சுத்துது, கண்ணு மங்குதுங்கறா. பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டா. எனக்கே நேத்துதான் தெரியும்." ஆர்லன் அவனை நேராகப் பார்த்தான். "விசுவாசமும் மாத்திரை டப்பாவும் ஒரே பையில இருக்காதுன்னு உன் வேத வகுப்புல சொன்னியாமே. நான் கெஞ்சிப் பார்த்துட்டேன். 'லொவெல் வேதத்த வெச்சுப் பேசறான், நீ மாட்டுக்குத் தீனி போடறவன்'னு என் வாய அடைச்சுட்டா."

லொவெல் சுரண்டுவதை நிறுத்தினான். சொன்னது உண்மைதான். முகம் மழிக்கும்போது கண்ணாடி முன்னால் தோன்றிய வாக்கியம் அது. வாரமெல்லாம் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடும் அவன் பேச்சை அங்கே யாரும் காதில் வாங்குவதில்லை. சபையின் அடித்தளத்து அறையிலோ, ஞாயிறு வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் காபிக் கோப்பைகளோடு அவன் வாயையே பார்ப்பார்கள். அன்று அந்த வாக்கியத்துக்குச் சிரிப்பு எழுந்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். அந்த ருசிக்காகவே இன்னொரு முறையும் சொன்னான்.

ஆர்லனின் வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிப் போனான். சாலையில் பனி வழுக்கியது. அவள் தரையில் விழுந்து கிடந்தால்? ஜெபிக்க வாய் வரவில்லை.

வெர்ணா சமையலறை மேசையில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து வீங்கியிருந்தது.

"வாங்க பிரதர். இவருக்கு நல்லா புத்தி சொல்லுங்க. என்னை ஆஸ்பத்திரிக்கு இழுக்கறாரு."

"சிஸ்டர், நீங்க போகணும். இப்பவே."

"என்ன, மாத்திப் பேசறீங்க? எனக்குச் சோதனை வெக்கறீங்களா?"

"இல்ல. நான் சொன்னது தப்பு."

"வேதத்துலதான இருக்கு?"

நெருக்கடியில் இருக்கிறவளிடம் கொஞ்சம் மழுப்பலாம் என்று மனம் சொன்னது. 'நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்' என்றால் போதும், அவன் பெயரும் கெடாது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"எங்கயும் இல்ல. கேக்க நல்லா இருக்குமேன்னு நானா சொன்னது. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆண்டவர் பேரைச் சொல்லி எனக்குக் கைதட்டல் வாங்கினேன் சிஸ்டர்."

வெர்ணா மேசையில் ஊன்றிய கையை எடுத்தாள். அவள் இமைகள் துடித்தன.

"நான் முழங்கால்ல நின்னு அந்த மாத்திரைய குப்பையில போட்டேன்," என்றாள் மெல்ல. "நீ அதைச் சிரிப்புக்குச் சொன்னியா?"

மரியாதை போயிருந்தது. அவன் தலையாட்டினான்.

"ஆர்லன், என் கோட்டை எடு."

எழுந்தவள் தள்ளாடினாள். லொவெல் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் பக்கவாதம் வந்திருக்கும் என்று ஆர்லனிடம் சொன்னாராம்.

அடுத்த ஞாயிறு லொவெல் வகுப்பின் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னான். அன்று மேசையைத் தட்டியவர், "இதையெல்லாம் பெரிசுபடுத்தணுமா?" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று போதகரிடம் கேட்டான்.

"பயம் வந்துடுச்சா?" என்றார் அவர்.

"ரொம்ப."

"இது முன்னாடியே வந்திருக்கணும். கொஞ்ச நாள் சும்மா உக்காந்து கேளு. அப்புறம் பாக்கலாம்."

வசந்தம் வரை அவன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டான். மறுபடி பாடம் எடுக்கச் சொன்னபோது வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் பேசினான்; சிரிப்பு வரவழைக்கும் வரி எதையும் தயார் செய்யவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நடுவரிசையிலிருந்து வெர்ணா கையை உயர்த்தினாள்.

"இப்ப சொன்னது எங்க இருக்கு பிரதர்? அதிகாரம், வசனம் சொல்லுங்க."

அவன் வேதத்தின் பக்கங்களைப் புரட்டினான். எல்லோரும் காத்திருந்தார்கள்.