வேற்றாள் உட்கார்ந்திருந்த வகுப்பு

ஃபின்லேவுக்கு இங்கிலீஷ் பேச வராது என்று அந்த வகுப்பு முழுக்க நம்பியிருந்தது.

அப்படி நம்ப வைப்பதுதான் வேலையே. தீவில், அதன் சொந்த மொழியான கேலிக் வழி வகுப்பு என்றால் முதல் இரண்டு வருடமும் வாத்தியார் வாயிலிருந்து ஒரு இங்கிலீஷ் சொல் விழக்கூடாது. பிள்ளை எந்த மொழியில் அழுதாலும், மூத்திரம் வருகிறது என்று எந்த மொழியில் நெளிந்தாலும், பதில் கேலிக்கில்தான் வர வேண்டும். வீட்டில் டிவி இங்கிலீஷ், கடை இங்கிலீஷ், பாதிப் பேருக்கு அம்மாவும் இங்கிலீஷ். இந்த ஒரு அறையிலாவது வேறு வழி இல்லை என்று பிள்ளைக்குத் தோன்றினால் வாய் திறக்கும். வேறு வழி இருப்பது தெரிந்துவிட்டால் அதோடு சரி.

ஃபின்லே நாற்பதைத் தாண்டியவன். பாதி ஆயுளை, கடலில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளில் தீனி மூட்டை தூக்கியே கழித்தவன். பிறந்ததிலிருந்து பேசிய கேலிக்கை எழுத்துக்கூட்டிப் படிக்கவே முப்பதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போனான்; அவன் படித்த காலத்துப் பள்ளிக்கூடம் அதைச் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு விட்டுவிட்டுப் படித்து ஒரு பட்டம், அதற்கும் பிறகு இந்த ஆசிரியர் பயிற்சி. பயிற்சிக்குப் போன முதல் பள்ளியில் வகுப்பை அடக்கத் தெரியவில்லை என்று தள்ளிவிட்டார்கள். இது இரண்டாவது பள்ளி. இதிலும் தள்ளினால் மூன்றாவது கிடையாது. மறுபடி கூண்டு, மறுபடி மழைச்சட்டை.

வந்த புதிதில் பிள்ளைகள் அவன் கேலிக்கில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார்கள். அவனும் கேலிக்கிலேயே நின்றான். எதிர்க்காற்றில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தாடை வலிக்கும்.

மாற்றியது இஷ்பெல். ஐந்து வயது, முன்பல் இரண்டும் இல்லை. ஒருநாள் பால் குடிக்கிற நேரத்தில் அவன் பக்கத்தில் வந்து நின்று, இங்கிலீஷில் மெதுவாக, காது கேளாதவரிடம் பேசுவது போலக் கேட்டாள்.

"பாவம் சார் நீங்க. கடைக்குப் போனா என்ன பண்ணுவீங்க?"

"கையைக் காட்டுவேன்," என்றான் அவன் கேலிக்கில்.

அவள் யோசித்தாள். பிறகு மற்ற பிள்ளைகளிடம் போய்த் தீர்ப்புச் சொன்னாள். "சாருக்குக் கேட்டா புரியுது. வாய்தான் வரமாட்டேங்குது. அதனால நாமதான் அவர் மாதிரி பேசணும்."

அன்றிலிருந்து அவள் தனக்குத் தெரிந்த கேலிக்கையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி அவனுக்காகப் பேசினாள். அவள் பேசவும் ரூரியும் மற்றவர்களும் பேசினார்கள். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் வகுப்பில் கேலிக் சத்தம் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து முர்தீனா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முர்தீனாதான் அந்த வகுப்பின் நிரந்தர ஆசிரியை. ஃபின்லேவின் பள்ளித் தோழனுக்குத் தங்கை. அதனால் மரியாதையெல்லாம் பிள்ளைகள் முன்னால் மட்டும்.

"டேய் மீன்காரா," என்றாள், ஆசிரியர் அறையில். "வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து ஊனா வர்றா, நீ பாடம் நடத்துறதைப் பாத்துத் தேர்ச்சி போட. பயப்படாத. கண்டிப்பானவதான், ஆனா நல்லவ."

"அவங்களுக்குக் கேலிக் வரும்ல?"

"உன்னைவிடச் சுத்தமா வரும். வளர்ந்தப்புறம் கத்துக்கிட்டவ. அவ இல்லடா பிரச்சினை. ஹார்ட்லியும் வந்து உக்காரப் போறாராம்."

ஹார்ட்லி தலைமை ஆசிரியர். யார்க்‌ஷயர்காரர். தீவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நல்ல மனிதர், ஒரு சொல் கேலிக் கிடையாது.

"வரட்டுமே. அதுக்கென்ன?"

"என்னவா? உங்க வீட்டுக்கு நான் வந்ததில்லையா? உன் பொண்டாட்டி ஜேனட் சமையலறைக்குள்ள கால் வச்சதும் உங்க அப்பா, நீ, உன் தம்பி, எல்லாரும் ஆட்டு மந்தை மாதிரி இங்கிலீஷுக்குத் திரும்புவீங்களே. அவர் மூஞ்சியைப் பாக்காத. சொல்லிட்டேன்."

ஃபின்லே சிரித்தான். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை.

அது அவன் வீட்டுப் பழக்கம் மட்டுமில்லை, தீவுப் பழக்கம். பத்துப் பேர் கேலிக்கில் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் மொழி தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால், அத்தனை பேரும் அந்த ஒருவருக்காக மாறிவிடுவார்கள். மாறாதவன் மரியாதை தெரியாதவன். ஃபின்லேவின் மனைவி ஜேனட் லீட்ஸ்காரி, கேலிக் தெரியாது. கல்யாணமான புதிதில் அப்பா அடுப்பங்கரையில் ஒரு பழைய நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் ஜேனட் தட்டுகளோடு உள்ளே வந்தாள். மீதிப் பாதியை அப்பா இங்கிலீஷில் முடித்தார். அதில் சிரிக்க ஒன்றுமே மிச்சமில்லை. ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். "எனக்காக மாத்தாதீங்கப்பா, நான் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிறேன்," என்று ஜேனட் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "அது எப்படிம்மா, நீ ஊமை மாதிரி உக்காந்திருக்க நாங்க பேசுறதா?" என்பார் அப்பா. அப்படியே வருடங்கள் ஓடின. ஃபின்லேவின் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. கேலிக்கில் நாயைக் கூப்பிட மட்டும் தெரியும். இப்படி ஆகட்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை.

வியாழக்கிழமை காற்று பலமாக இருந்தது. ஊனாவின் விமானம் வரக்கூடாது என்று ஃபின்லே உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான். வந்துவிட்டது.

பாடம், சூப் செய்வது. மேசை மேல் பெரிய பானை, பக்கத்தில் கேரட், டர்னிப், உருளைக்கிழங்கு, வெங்காயம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து காயின் பெயரைச் சொல்லி, அது என்ன நிறம், எப்படி நறுக்க வேண்டும் என்று சொல்லிப் பானையில் போட வேண்டும். ஊனா ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இஷ்பெல் டர்னிப்பை இரண்டு கையாலும் தூக்கி வந்து, "இது என் தலையை விடப் பெருசு," என்று கேலிக்கில் சொன்னாள். ஊனாவின் பேனா நின்றது. அவள் முகத்தில் சிரிப்பு வந்ததை ஃபின்லே பார்த்தான். தாடை தளர்ந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. ஹார்ட்லி தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், மன்னிப்புக் கேட்கிற மாதிரி உள்ளே வந்தார். பின்வரிசையில் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடை வரை வந்தன. ஃபின்லே பார்வையைப் பானை மேலேயே வைத்திருந்தான்.

"சரி, அடுத்து என்ன போடலாம்?" என்றான் கேலிக்கில்.

ரூரி எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். வாசலோரம் ஃபின்லே கழற்றி வைத்திருந்த சேறு பிடித்த பூட்ஸைக் காட்டி, "சாரோட பூட்ஸ்!" என்றான். கேலிக்கில்தான். "பழுப்பு நிறம். கத்தியால நறுக்கணும். நாத்தம் அடிக்கும்!"

வகுப்பு வெடித்தது. இஷ்பெல் டர்னிப்பைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். ஊனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபின்லேவும் சிரித்தான், சிரித்தபடியே தலையை நிமிர்த்தினான்.

ஹார்ட்லி புன்னகை செய்துகொண்டிருந்தார். அந்தப் புன்னகையை ஃபின்லேவுக்குத் தெரியும். எல்லாரும் எதற்கோ சிரிக்க, எதற்கென்று தெரியாமல் தானும் சேர்ந்துகொள்கிறவரின் புன்னகை. அவர் ஒன்றும் கேட்கக்கூட இல்லை. புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது.

"என் பூட்ஸை சூப்ல போடணுமாம்," என்றான் ஃபின்லே அவரைப் பார்த்து. "வாசனை நல்லா இருக்காதுன்னும் சொல்றான். என் மனைவியும் அதைத்தான் சொல்வா."

ஹார்ட்லி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்தது ஃபின்லேவுக்கு நிம்மதியாக இருந்தது. "வாங்க சார், நீங்களும் ஒரு கேரட் போடுங்க," என்று கையை நீட்டினான். அறை அமைதியாகிவிட்டதை அதற்குப் பிறகுதான் கவனித்தான். ஹார்ட்லியிடம் பேசியதெல்லாம் இங்கிலீஷ். தன் வாய் எப்போது மாறியது என்று அவனுக்கே தெரியவில்லை.

"சாருக்கு இங்கிலீஷ் வருது!" என்று ரூரி இங்கிலீஷில் கத்தினான். "நல்லாவே வருது!"

அவ்வளவுதான். கட்டு அறுந்தது போல எல்லாரும் இங்கிலீஷில் கத்தினார்கள். சார் இத்தனை நாள் ஏமாத்தினாரு, எங்க அப்பா மாதிரியே பேசுறாரு, சார் இன்னொரு தடவை சொல்லுங்க. ஃபின்லே கேலிக்குக்குத் திரும்பினான். "உட்காருங்க பிள்ளைங்களா. வெங்காயம் யார் போடறது?" ஒருவரும் அந்தப் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. வெங்காயம் என்ற சொல்லையே அன்றுதான் முதல்முதலாகக் கேட்பது போல ஒரு பையன் "வாட்?" என்றான்.

இஷ்பெல் டர்னிப்பைத் தரையில் வைத்தாள். அவன் கிட்டே வந்தாள்.

"உங்களுக்காகத்தானே நான் கஷ்டப்பட்டுப் பேசினேன்," என்றாள். இங்கிலீஷில், மிகச் சரளமாக.

அவன் குனிந்து, "இஷ்பெல், கண்ணு, இங்க பாரு," என்று கேலிக்கில் சொல்லிப் பார்த்தான். அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி அடிக்கும் வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பானையில் அதற்குப் பிறகு ஒரு காயும் விழவில்லை.

பிள்ளைகள் போன பிறகு ஆசிரியர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஊனா கேலிக்கில் பேசினாள், வார்த்தைகளை அளந்து அளந்து.

"முதல் பாதி நல்லா இருந்தது. ரொம்பவே நல்லா இருந்தது. அதனாலதான் சொல்லக் கஷ்டமா இருக்கு. மொழியை விட்டுட்டா இந்த வகுப்புல வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

"தெரிஞ்சு செய்யலைங்க," என்றான் ஃபின்லே.

"அதான் பிரச்சினை. தெரிஞ்சு செஞ்சிருந்தா திருத்தலாம்."

"மனுஷன் பின்னாடி ஒண்ணும் புரியாம உக்காந்திருக்கும்போது," என்று முர்தீனா ஆரம்பித்தாள். "எங்களை வளர்த்த விதம் அப்படி, ஊனா. நீங்க வெளியிலிருந்து கத்துக்கிட்டு வந்தவங்க, உங்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. நானே வேலைக்கு வந்த முதல் வருஷம்..."

கதவு திறந்தது. ஹார்ட்லி ஒரு தட்டில் தேநீரும் ஓட் பிஸ்கட்டும் ஏந்திக்கொண்டு வந்தார். முர்தீனா சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை நடுவிலேயே முறித்து, மீதியை இங்கிலீஷில் முடித்தாள். "...இப்படித்தான் திணறினேன்." அவளுக்கு அது தெரியவே இல்லை. ஃபின்லே நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டான். ஊனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு அவளும் இங்கிலீஷில் சொன்னாள்.

"என்னால தேர்ச்சி போட முடியாது, ஃபின்லே. வருத்தமாத்தான் இருக்கு."

"புரியுதுங்க," என்றான் ஃபின்லே. இங்கிலீஷில்.

ஹார்ட்லியின் முகம் வெளுத்தது. "நான் உள்ள வந்ததாலயா? நான் வராம இருந்திருக்கணுமோ? உண்மையைச் சொல்லுங்க, என்னாலதானே?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், முடிவு மாறினாலும் மாறும். ஊனா அதற்காகத்தான் காத்திருந்தாளோ என்னவோ, பேனாவை இன்னும் மூடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவரைக் குற்றம் சொல்ல ஃபின்லேவுக்கு நாக்கு எழவில்லை.

"சேச்சே, உங்களால என்ன சார்?" என்றான், அவர் கோப்பையில் பாலை ஊற்றிக்கொண்டே. "நீங்க உக்காருங்க. டீ ஆறிப்போகுது."

ஊனா பேனாவை மூடினாள்.