இரண்டு படங்களுக்கு நடுவே

காலையில் வந்ததும் என் முதல் வேலை வானத்தைச் சலித்தெடுப்பது. மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தின் மொட்டைமாடியில், கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு கேமரா மல்லாந்து கிடக்கிறது. நிமிஷத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் வட்டமாகப் படம் பிடித்து இங்கே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். காக்கை உட்கார்ந்த படம், பூச்சி ஊர்ந்த படம், குமிழைத் துடைக்கும் கை விழுந்த படம் எல்லாவற்றையும் நான் நீக்கிவிட வேண்டும். மேகம் மட்டும்தான் மிஞ்சலாம்.

அந்தக் கை என் மனைவியுடையது.

இருவரும் அங்கேதான் வேலை பார்த்தோம். எனக்கு மாற்றல் வந்தபோது அவள் கூட வர மறுத்தாள். “மேகம் பாக்கத்தானே போறீங்க? அங்க உக்காந்தே பாருங்க” என்றாள். நானும் வீராப்பாகக் கிளம்பிவிட்டேன். போன மழைக்காலத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவள் இல்லாத அறையில் இருக்கப் பிடிக்காமல்தான் அலுவலகத்துக்கு முதல் ஆளாக வருகிறேன். படத்தில் அந்தக் கை, அதில் மஞ்சள் துணியும், மணிக்கட்டில் பழைய இஸ்திரிப்பெட்டித் தழும்பும். அதைப் பார்க்காமல் டீ தொண்டையில் இறங்காது. பார்த்துவிட்டு நீக்குவேன்.

இன்று அந்தக் கை திரையில் இருக்கும்போதே மேலதிகாரி பின்னால் வந்து நின்றார்.

“நாளையிலேருந்து புது சாஃப்ட்வேர்ப்பா. கை, காக்கா எல்லாத்தையும் அதுவே தூக்கிடும். உன் கண்ணுக்கே வராது.” திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஆமா, ரெண்டு படத்துக்கு நடுவுல முழுசா ஒரு நிமிஷம் இருக்கே. அதுக்குள்ள தொடைச்சிட்டுப் போகத் தெரியாதா அந்தம்மாவுக்கு?”

அவளுக்கா தெரியாது? ஒரு படம் முடிந்ததும் துணியைப் போட்டு, அடுத்த படத்துக்குள் கையை எடுத்துவிட எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நான் அங்கே இருந்தவரை அவள் நகம்கூடப் படத்தில் விழுந்ததில்லை. நான் ஒரு மரமண்டை! தினமும் எனக்குக் கை காட்டியிருக்கிறாள். நான் அதை அழித்துவிட்டு டீ குடித்திருக்கிறேன்.

அவர் நகர்ந்ததும் நிலையத்துக்கு ஃபோன் போட்டேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. அவளுக்கும் அது தெரியும். ஃபோன் இருப்பது கீழ்த்தளத்தில், ஆனால் மணிச்சத்தம் மாடிவரை கேட்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன்.

திரையில் புதுப்படம் வந்தது. கை இல்லை, முகம். குமிழின் மேல் குனிந்தவள் மாடிப்படிப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது.

“போ. போய் எடு” என்றேன், திரையிடம்.

அடுத்த படத்தில் பாதி வானம்தான் இருந்தது. மீதியை மஞ்சள் துணி போட்டது போட்டபடி மூடிக் கிடந்தது. அவளைக் காணோம். என் காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.