ஆஷ்லோவில் சரிந்த வானம்

டார்பிஷயரின் வெண்சுண்ணக் குன்றுகளின்மேல் வைகறை ஒளி படர, கற்சுவர்களுக்கிடையே ஆட்டுக்கூட்டங்கள் துயில் நீங்கி எழ, ஆஷ்லோ என்னும் சிற்றூரின் ஊற்றடியில், இயேசு விண்ணேகிய திருநாளுக்கென நிமிர்ந்து நின்றது ஒரு பூப்பலகை. ஈரக் களிமண் பூசிய மரப்பலகையில் இதழும் பாசியும் விதையும் பதித்து ஓவியமாக்கி, வற்றாத நீருக்கு நன்றி சொல்வது அம்மலைநாட்டார் வழக்கம். அறிவு சான்ற வாசகரே, பக்கத்து ஊர்ப் பலகையைவிடத் தம் பலகை ஒரு விரலளவேனும் அழகாயிருக்க வேண்டும் என்பதும் அந்த நன்றியில் அடக்கமே.

ஆண்டுதோறும் பாசி பொறுக்கிக் கொடுத்தே காலம் தள்ளிய டோர்கஸ் ரெட்பெர்னுக்கு, ஓவியம் முழுவதையும் ஆக்கும் உரிமை இவ்வாண்டுதான் வாய்த்தது. ஊற்றுக் குழுவின் தலைவி ஜேன் ஹீத்கோட் அதைத் தரும்போதே, “மழைக்குத் தாங்கலேன்னா அடுத்த வருசம் மறுபடி பாசிதான், பாத்துக்கோ,” என்று சொல்லியிருந்தாள்.

டோர்கஸ், பெருவெள்ளத்தில் உயிர்களைக் காத்த கப்பலான நோவாவின் பேழையை ஓவியமாக ஆக்கினாள். திருநாளுக்கு முந்திய நாள் பிற்பகல், பலகையைக் கொட்டகையில் விட்டு அவள் பூப்பறிக்கச் சென்றிருந்த வேளையில், அவள் கணவன் ஆமோஸ், ஊர்க் கூரைகளுக்கெல்லாம் கற்பலகை வேய்பவன், அன்பு மிகுந்து, பேழைக்கு மேலிருந்த வானம் முழுவதையும் தானே நீல இதழ்களால் நிரப்பிவிட்டான். கூரையைப் போலவே இதழையும் கீழ்வரிசையில் தொடங்கி, மேல்வரிசை அதன் தலையை மூடுமாறு பதித்தால்தான் மழைநீர் வழிந்தோடும். ஆமோசோ கைக்கு எட்டிய மேல்விளிம்பில் தொடங்கிக் கீழே வந்தான். திரும்பி வந்தவள் அந்த நீலத்தைக் கண்டு மகிழ்ந்தாளேயன்றி வரிசையைப் பார்க்கவில்லை.

திருநாள் காலையில், ஊற்றடியில் கூடிய ஊரார்முன் பாதிரியார் வழிபாட்டு நூலை விரித்ததும் மழை பிடித்துக்கொண்டது. நீர் இதழ்களின் அடியில் புகுந்து, வானத்தைக் கொத்துக் கொத்தாகக் கழற்றித் தரையில் தள்ளியது.

“யாரு பதிச்ச வானம் இது?” என்றாள் ஜேன்.

டோர்கஸ் கணவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. கூரைக்காரன் செய்த பிழை என்று தெரிந்தால் இனி யார் அவனை ஏணியில் ஏற்றுவார்கள்?

“நான்தான்க்கா. அவசரத்துல தலைகீழா வச்சுட்டேன்.”

“அப்ப சரி. அடுத்த வருசத்துக்குப் பாசிக் கூடைய எடுத்து வச்சுக்கோ.”

“அவ இல்ல,” என்றான் ஆமோஸ். “நான்தான். மேல இருந்து ஆரம்பிச்சேன்.”

பாதிரியார் நூலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்; அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

“ஏம்ப்பா, போன மாசம் எங்க கூரைய எங்கேருந்து ஆரம்பிச்ச?” என்றாள் ஜேன்.

“கீழ இருந்துதான்க்கா. உங்க கூரைமேல எனக்கு ஆசை ஒண்ணும் இல்லையே, புத்தி வேலை செஞ்சுது.”

சிரிப்பு குன்றுவரை எழுந்தது. ஜேன் பேழையைத் தடவிப் பார்த்தாள். டோர்கஸ் பதித்ததில் ஓர் இதழும் அசையவில்லை.

“அடுத்த வருசமும் இவதான். நீ மட்டும் கொட்டகைப் பக்கமே வந்துடாத, சாமி.”

ஆமோஸ் தன் மேலங்கியைக் கழற்றிப் பேழையின்மேல் பிடித்தபடி வழிபாடு முடியும்வரை நனைந்தான். டோர்கஸ் அவன் அருகிலேயே நின்று நனைந்தாள். அதன்பின் அவன் ஏணியில் ஏறும்போதெல்லாம் “எந்தப் பக்கத்துல இருந்துப்பா?” என்று கேளாதார் அவ்வூரில் இல்லை. ஆயினும், தன் பிழையை மனைவியின் தலையில் சுமத்தாத அவனை விடுத்து வேறொரு கூரைக்காரனை அழைத்தாரும் அங்கே எவருமில்லை.