அப்பாதுரை குடித்த முப்பது ஆண்டுகள்

திருவண்ணாமலை தனி மாவட்டமானதற்கு அடுத்தபடியாக, இந்நகரின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க நிகழ்ச்சி 1991ஆம் ஆண்டு ஆனி மாதம் நடந்தது. செங்கம் சாலையில் வெளிநாட்டாருக்கு அறை வாடகைக்கு விட்டுவந்த அப்பாதுரை, ஐம்பத்திரண்டு வயதில் ஒரு டம்ளரை வாயில் கவிழ்த்தார். எண்பத்திரண்டு வயதில் அதைக் கீழே வைத்தார்.

டம்ளரில் இருந்தது முப்பது வருஷத்துச் சிவப்பு ஒயின். மூன்றாம் அறையில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது அன்பளிப்பாகக் கொடுத்தது. ருசியெல்லாம் மேலே, வயசெல்லாம் அடியில் வண்டலாக இருக்கிறது, ஒரு நாள் நிற்கவைத்து ஆடாமல் ஊற்றுங்கள், வண்டலைத் தொடாதீர்கள் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். அப்பாதுரையும் அவர் மனைவி சரோஜாவும் அதைத் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அப்பாதுரை மாவட்ட மதுவிலக்குப் பேரவையின் தலைவர். சாராயத்துக்கு எதிராக மேடையேறியவர் ஒயின் குடிக்க முடியாது. இதயத்துக்கு நல்லது என்று வார இதழில் டாக்டர் எழுதியிருந்ததால் மருந்து குடிக்கலாம். மருந்தென்றால் குலுக்கித்தானே குடிக்க வேண்டும்? நன்றாகக் குலுக்கினார். நாவல்பழமும் மழை நனைத்த மண்ணும் சேர்ந்து தொண்டையில் இறங்கியது போலிருந்தது என்று சொல்ல வாய் திறந்தார். பற்கள் கொட்டின. பாதி பாட்டிலுக்குப் பாதி வயதுதானே ஏறியிருக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். வயது பங்கு பிரிக்க முடியாத சொத்து.

பல்லில்லாததால் அவர் பேசவில்லை. பேசாததால் ஞானி என்றார்கள். வெண்தாடியைப் பார்த்த வெளிநாட்டார் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். பேரவைச் செயலாளர் திருமலை, பேரவையைக் கலைத்துவிட்டு முதல் சீடரானார். மிச்சமிருந்த பாதி பாட்டில் பூஜையறைக்குப் போனது. இரண்டு வருஷம் கழித்து, வரும் கார்த்திகை தீபத்தன்று மலையில் சுடர் ஏறும் கணத்தில், எண்பத்து நான்கு வயது ஐயா, இப்போது முப்பத்திரண்டு வருஷமாகிவிட்ட ஒயினில் அடுத்த டம்ளரை அருந்தி நூற்றுப் பதினாறு வயதை எய்துவார் என்று திருமலை நோட்டீஸ் அடித்தார்.

சரோஜாவுக்கு அப்போது நாற்பத்தாறு. இன்னும் ஒரு வயது கூடினாலும் அப்பாதுரையின் இதயம் தாங்காது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் கணவரிடம் மன்றாடினாள்.

"ஜாஸ்தி வயசுனா ஜாஸ்தி மரியாதடி" என்றார், பொக்கை வாயால்.

"மரியாதைய நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்க, பரவால்லியா?"

அவர் மௌனத்துக்குத் திரும்பிவிட்டார். பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிடலாமா என்று சரோஜா யோசித்தாள். ஊற்றினால் திருமலை சாக்கடையையே தீர்த்தமென்று மொண்டுவந்து புகட்டுவார். ஒளித்து வைத்தாலோ, அந்த வீட்டில் சீடர்கள் புகாத அலமாரி கிடையாது.

தீபத்தன்று மொட்டை மாடியில் நிற்க இடமில்லை. பாட்டில் பட்டுத் துணி விரித்த முக்காலியில் இருந்தது, ஐயா பக்கத்தில் டம்ளரைப் பிடித்திருந்தார். ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் தெரிந்தது. அரோகரா என்று ஊரே மலைப்பக்கம் திரும்பியது. பிறந்தது முதல் வந்த பழக்கம் விடுமா, ஐயாவும் திரும்பினார். சரோஜா மட்டும் திரும்பவில்லை. பாட்டிலை எடுத்தாள். ஆடாமல் சாய்த்து மேலே தெளிந்ததை மட்டும் குடித்திருந்தால் ருசியோடு போயிருக்கும். அது அவளுக்குத் தெரியும். அடிவண்டல் எழும்பும்வரை குலுக்கினாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

கும்பிட்டுவிட்டுத் திரும்பிய அப்பாதுரை, காலி பாட்டிலோடு நின்ற எழுபத்தெட்டு வயதுக் கிழவியைப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க?"

"நான்தாங்க."

வெகுநேரம் பார்த்தார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. "ஏன்டி இப்படிப் பண்ண?"

"உங்களைத் தூக்கிக் குடுத்துட்டு, முப்பது வருஷம் நான் யாருக்குச் சோறு போடறது?"

அவர் அழுதார். ஞானி அழுததும், அதுவும் பெண்டாட்டி தோளில் சாய்ந்து அழுததும், சீடர்களுக்குப் பெரிய ஏமாற்றம். பொங்கலுக்குள் கலைந்துவிட்டார்கள். திருமலை வேறொரு தாடியைத் தேடிக்கொண்டார். டாக்டர் கெடு வைத்த இதயம் 2000த்தைத் தாண்டியும் ஓடியது. பௌர்ணமிதோறும் கிழவனும் கிழவியும் கைகோத்து வாசல்வரை வந்து, கிரிவலம் போகிறவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். அறைக்கு வரும் வெளிநாட்டார் சிலர் கதையைக் கேள்விப்பட்டு, அத்தனை வருஷத்து ஒயின் எப்படி இருந்தது என்று பயபக்தியோடு சரோஜாவைக் கேட்பதுண்டு.

சர்க்கரை கம்மி என்பாள்.