புலைக்கு ஒரு லீவு

காலை ஒன்பதரைக்குத் தென்காசியிலிருந்து நாத்தனார் பாண்டிச்செல்வி போன் செய்தாள். செல்லப்பா போய்ச் சேர்ந்துவிட்டாராம். முப்பிடாதி "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அழுகை வரவில்லை. வருமா என்று ஒரு நிமிடம் நின்றுகூடப் பார்த்தாள்.

செல்லப்பா அவளை விட்டுவிட்டு ஓடிப்போன புருஷன். பதினொரு வருடங்களுக்கு முன் மட்டாஞ்சேரிக்கு வந்து இந்தப் பகவதி கோயிலில் வேலை கேட்டபோது, புருஷன் செத்துவிட்டார் என்று ஒரே போடாகப் போட்டாள். இருக்கிறார் என்றால் எங்கே, ஏன் வரவில்லை என்று ஊர் குடையும். செத்தார் என்றால் வாயை மூடிக்கொள்ளும். மானேஜர் சிவதாசன் சேட்டனும் பாவப்பட்டு வேலை கொடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்ட வேண்டும்.

இப்போது சாவைச் சொன்னால் பொய் உடையும், வேலையும் போகும். சொல்லாமல் தீட்டோடு உள்ளே போனால் பகவதி முகத்தில் எப்படி விழிப்பது?

அதற்குள் ராஜபாளையத்துக் கூட்டம் ஒன்று வாசலில் வந்து நின்றது. அவள் வாய் தானாக ஓடியது. நடை காலை நாலரைக்குத் திறந்து பதினொன்றுக்குச் சாத்துவார்கள், சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை. ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டி கட்ட வேண்டும். நம்மூர்க் கோபுரத்தை இங்கே தேட வேண்டாம், இங்கே மழைக்குத்தான் முதல் மரியாதை. அதனால்தான் செம்புத் தகடு போர்த்திய கூரை இவ்வளவு தாழ இறங்கியிருக்கிறது. கருவறை வட்டம், சுவர் செம்பாறைக் கல். அந்தக் காலத்தில் தீப்பிடித்துக் கூரையே எரிந்தபோதும் மண்டபத்து மர விதானம் மட்டும் தப்பியது.

கடைசியில், எப்போதும் சொல்கிறதையும் சொன்னாள். வீட்டில் சாவு விழுந்து பதினாறு நாள் ஆகாதவர்கள் உள்ளே வரக்கூடாது. அந்தத் தீட்டை இங்கே புலை என்பார்கள்.

குரல் பிசகவில்லை. எல்லோரும் வாசற்படியைத் தாண்டிப் போனார்கள். விதானத்தைக் காட்ட அவளும் கூடப் போக வேண்டும். காலைத் தூக்கினாள். தூக்கிய கால் பழைய இடத்திலேயே இறங்கியது.

கூட்டத்தில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, வரவில்லையா என்று கேட்டாள். நீங்கள் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டு முப்பிடாதி ரசீது கவுண்டருக்கு நடந்தாள். நடப்பது வேறு யாரோ போலிருந்தது.

"சேட்டா, பதினாறு நாள் லீவு வேணும். எனக்குப் புலை."

"ஆரா மரிச்சது?"

"வீட்டுக்காரரு."

சேட்டன் ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "அயாள் பண்டே மரிச்சுப் போயதல்லே?"

"இல்ல சேட்டா. இன்னைக்குக் காலையிலதான்."

சேட்டன் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தார். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று அவள் கேட்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, ஓடிப்போன மனுஷன் இனி வரவே மாட்டார் என்று.