பிரிண்டர் வாய் திறக்காத காலை

இருபத்திரண்டு வருஷம் மருந்துப் பெட்டி சுமந்து இடுப்பு விட்டுப்போன பிறகுதான் மூட்டையக்காவுக்குக் கிடங்குக் கம்ப்யூட்டரின் முன்னால் நாற்காலி கிடைத்தது. அதுவும் ஒரு வாரம் பார்க்கலாம் என்ற பேச்சோடு. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவள்.

வேலை மூன்றுதான். அன்றைய பெட்டிப் பட்டியலை நெட்டிலிருந்து இறக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, அதை லாரிவாரியாகப் பிரிக்க ஒன்று, லேபிள் அடிக்க ஒன்று. ஒவ்வொன்றாகத் தட்டி, அது முடியும்வரை காத்திருந்து அடுத்ததைத் தட்டுவாள். வாசலில் லாரிகள் ஹாரன் அடித்து உயிரை வாங்கும். விடுப்பில் போன எழுத்தர் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். முதல் வரியைப் படித்தாள்: மூன்றின் பெயரையும் ஒரே வரியில் அடித்து நடுவில் அரைப்புள்ளி போட்டால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அது போதுமென்று அப்படியே அடிக்கத் தொடங்கினாள், அடுத்த வரிக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் நெட் அறுந்து பட்டியல் இறங்கவில்லை. அரைப்புள்ளிக்கு அதைப் பற்றி என்ன கவலை? மற்ற இரண்டும் முந்தின நாள் பட்டியலை எடுத்துக்கொண்டு ஜாம்ஜாமென்று ஓடின. இருநூறு பெட்டியில் தப்பான ஊர் லேபிள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா திரும்பச் சுமைக்குத்தான்," என்றார் சூப்பர்வைசர்.

பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நாத்தனார் விடுவாளா? "என்ன அண்ணி, நாற்காலி சூடாகறதுக்குள்ள எழுந்திரிக்கப் போறீங்களா? உங்க இடம் காலியாத்தான் இருக்கு."

"வாய மூடிட்டுப் பெட்டியப் புடி."

சொல்லிவிட்டு, பெட்டி கைமாறி வரும் அந்த வரிசையையே பார்த்தாள். முன்னால் நிற்பவள் கொடுத்தால்தான் நாத்தனார் திரும்புகிறாள். வராவிட்டால் வெறுங்கையோடு நிற்பாளே தவிர, கீழே கிடக்கும் பழைய பெட்டியை எடுத்து அடுத்தவளிடம் நீட்டமாட்டாள். இந்த அறிவு மெஷினுக்கு வராதா?

தாளின் இரண்டாம் வரியை விரல் வைத்துப் படித்தாள். 'முன்னது சரியாக முடிந்தால் மட்டும் அடுத்தது: &&.' சம்மணம் போட்ட ஆள் மாதிரி ஒரு குறி, பக்கத்தில் இன்னொன்று.

மறுநாள் காலை மூன்று ஸ்கிரிப்டின் பெயருக்கும் நடுவில் அந்தக் குறிகளை வைத்து அடித்தாள்:

./list.sh && ./lorry.sh && ./label.sh

திரையில் பிழை என்று ஒரு வரி வந்து நின்றது. பிரிண்டர் வாயே திறக்கவில்லை. வெளியே ஹாரன். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"என்னாச்சு? ஏன் ஓடல?"

"ஓடக்கூடாது சார். பட்டியல் வரல. அதான் மத்த ரெண்டும் கையக் கட்டிட்டு நிக்குது."

மேசைக்கடியில் குனிந்து, தளர்ந்திருந்த நெட் ஒயரை அழுத்திச் செருகினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது, பல்லைக் கடித்தபடி எழுந்தாள். மேல் அம்புக்குறியைத் தட்டியதும் அதே வரி திரும்ப வந்தது. எண்டர். பட்டியல் இறங்கியது, பிரிந்தது, பிரிண்டர் கடகடவென்று துப்பியது. சூப்பர்வைசர் முதல் லேபிளை உருவித் தேதியைப் பார்த்தார். இன்றைய தேதிதான்.

"அந்த வரியப் பெருசா எழுதி ஒட்டுங்க. அடுத்த ஷிப்ட்காரங்களுக்கும் வேணும்."

"அடுத்த வாரம் சார்...?"

"நீங்கதான். வேற யாரு?"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, எனக்கும் அந்தச் சம்மணத்த எழுதிக் காட்டுங்க."

மூட்டையக்கா பேனாவை எடுத்தாள். முதல் குறி கோணலாகிக் குப்புற விழுந்தது. இரண்டாவது நன்றாக உட்கார்ந்தது.