சேலைச் சுவர்

வெள்ளத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்குப் பள்ளிக்கூட ஹாலில் குடும்பத்துக்கு ஒரு மூலை. மறைவுக்கு ஒரு சேலை. எல்லாருக்கும் கயிறு கட்டிச் சேலை தொங்கவிட்டவள் தையற்காரிதான்.

அவள் கணவன் மெக்கானிக். பட்டறை தண்ணீரோடு போனதிலிருந்து அவன் கை சும்மா இருக்க மறுத்தது. முன்பு எப்போதாவது விழுந்த அடி, இப்போது பொழுது விடிந்தால் விழுந்தது. வீட்டில் அடிக்குமுன் கதவைச் சாத்தி டிவியை அலறவிடுவான். இங்கேயும் அதே பழக்கதோஷம். சேலையை இழுத்துவிட்டு, போனில் காதல் பாட்டு வைப்பான். அந்த நூல்சேலையைச் சுவர் என்றே நம்பினான். ஹாலும் நம்புவதுபோல் நடித்தது. பாட்டு கேட்டால் அக்கம்பக்கத்தில் பாத்திரங்களை உருட்டுவார்கள்.

தையற்காரி பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒருநாள் அடி மகளின் கன்னத்தில் விழுந்தது. தண்ணீர் லாரிக்காரரிடம் சிரித்துப் பேசினாளாம். வீங்கிய கன்னத்தைப் பார்த்தபோது தாய்க்குச் சோறு இறங்கவில்லை. இனி ஒருமுறை இவளைத் தொட்டால், அவனை நாலு பேர் முன்னால் நிற்கவைப்பதென்று முடிவுசெய்தாள். சேலைக் கயிற்றை அவிழ்த்து, சுண்டினால் அவிழும் உருவு முடிச்சாகப் போட்டுவைத்தாள்.

மறுநாள் மத்தியானமே பாட்டு ஒலித்தது. மகளின் பின்னலை அவன் கையில் சுற்றியதும், தாய் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

சேலை சரிந்தது. சாப்பாட்டு வரிசை மொத்தமும் திரும்பியது. ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, பாட்டு மட்டும் விடாமல் காதலித்துக்கொண்டிருந்தது.

சேலையை எடுக்கக் குனிந்தான். அதன்மேல் ஒரு கால் ஏறி நின்றது. சோறு பரிமாறிக்கொண்டிருந்த அவன் அக்கா. இத்தனை நாள் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாத்திரம் உருட்டியவளும் அவள்தான்.

"ஏன்டா நிறுத்திட்ட? கைய இறக்காத. எல்லாரும் நல்லா பாக்கட்டும்."

இது குடும்ப விஷயம் என்று முணுமுணுத்தவன், போனை எட்டி எடுக்கப் போனான். தையற்காரி அதற்குமுன் எடுத்துக்கொண்டாள்.

"போலீஸ் வர்ற வரைக்கும் பாட்டு ஓடட்டும் அண்ணி. அவருக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு."

ஒருத்தி போலீஸுக்குப் போன் போட, மற்ற பெண்கள் எழுந்துவந்து சுற்றி நின்றார்கள். எவரும் அவனைத் தொடவில்லை, வழியும் விடவில்லை. பார்த்ததை எல்லாரும் போலீஸிடம் சொன்னார்கள். அக்காதான் முதலில் சொன்னாள். ஜீப்பில் ஏற்றும்போது அவன் மனைவி பக்கம் திரும்பினான். பட்டறை போன ஆத்திரம், நீயாவது எடுத்துச் சொல் என்று கெஞ்சினான்.

"எனக்குந்தான் மிஷின் போச்சு," என்றாள் தையற்காரி. "நான் யார அடிச்சேன்?"

ஜீப் கண்ணுக்கு மறையும்வரை அவள் உள்ளே போகவில்லை. ஆசைதீரப் பார்த்தாள்.